கேர்னலை அப்டேட் செய்யும்போது கூட வருகிற பைல்களை என்ன செய்வது?

(ஸ்டுட்கார்ட், ஹெஸ்லாக்கில் நடந்த எங்கள் மாதக் கூட்டத்தில் பேசியது. பேசின மாதிரியே விட்டிருக்கிறேன், சில இடங்களை மட்டும் திருத்தினேன். திரையில் காட்டின கட்டளைகளை இங்கே சொல்லாக எழுதியிருக்கிறேன்.)



இந்த மேசையைச் சுற்றி இருந்து மலையகத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிக் கதைச்சிருக்கிறம், நாடு கடத்தல் பற்றிக் கதைச்சிருக்கிறம். இண்டைக்கு நான் ஒரு அடைவைப் பற்றிக் கதைக்கப்போறன். லினக்ஸில 'பூட்' எண்டு ஒரு அடைவு. அதுக்குள்ள பத்துப் பதினைஞ்சு பைல் இருக்கும். ஒருத்தரும் திறந்து பார்க்கிறதில்லை. நானும் பார்க்கவில்லை, 2024 மே மாதம் ஒரு ஞாயிறு இரவு வரைக்கும்.

அந்த இரவை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்கம்தான், ஆனால் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்களிடம் ஒரு பழைய திங்க்பாட் இருக்குது. ஆரோ வேலையிடத்தில கழிச்சுவிட்டதை வாங்கி, 2019இல டெபியன் 10 போட்டு, பிறகு 11, பிறகு 12 என்று ஏற்றிக்கொண்டு வந்தது. அதில இரண்டு வகையான சாமான் இருந்தது. ஒன்று, பாட் கான்ஸ்டாட்டிலயும் எஸ்லிங்கனிலயும் எங்கட பெற்றோரின் தலைமுறையிட்ட எடுத்த குரல் பதிவுகள். எண்பத்தி மூண்டுக்குப் பிறகு வந்த கதை, முகாமில இருந்த கதை, இரவு வேலைக் கதை. மற்றது, அசூல் வழக்குகளுக்கு நாங்கள் சேர்த்த ஆவணங்கள். இரண்டுமே வேறு ஆக்களின் கையில் போகக்கூடாதவை. அதனால டிஸ்க் முழுவதும் பாஸ்வேர்டால் பூட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு அண்ணாவுக்கு நிர்வாக நீதிமன்றத்தில விசாரணை. திங்கள் காலையில வழக்கறிஞருக்குக் கடைசித் தொகுப்பை அனுப்பவேண்டும். ஞாயிறு இரவு நான் "ஒருக்கா அப்டேட் பண்ணிவிட்டு வேலையைத் தொடங்குவம்" எண்டு நினைச்சேன். டிஸ்கில் இடமில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. முழு டிஸ்கில இருநூறு ஜிபி காலியாக இருக்குது, என்ன இடமில்லை? பார்த்தால், பூட் மட்டும் ஒரு தனிப் பகுதி. 236 எம்பி. அது நிரம்பிவிட்டது.

உள்ளே 6.1.0-17, 18, 20 என்று மூன்று பழைய கேர்னல்கள், புதுசாய் வந்த 21. நான் என்ன செய்தேன்? "புதுசு வந்துட்டுதே, பழசு எதுக்கு" என்று மூன்றையும் கையாலேயே அழித்தேன். பிறகு பூட் மெனுவைப் புதுப்பிக்கும் கட்டளையையும் போட்டேன், பெரிய கெட்டிக்காரன் போல. மறுபடி இயக்கினேன். கறுப்புத் திரை. கேர்னல் பானிக், ரூட் பைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியவில்லை, தெரியாத டிஸ்க் பூச்சியம் கமா பூச்சியம். நேரம் இரவு பதினொன்றரை.

சரி, இப்ப என்ன நடந்தது என்று பார்ப்போம்.

லினக்ஸ் என்று நாங்கள் சொல்வது சரியாகப் பார்த்தால் கேர்னல் ஒன்றைத்தான். தமிழில் கருனி என்றும் எழுதுவார்கள். 1991இல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ், தொடங்கினது. வன்பொருளோடு நேரடியாகக் கதைக்கிறது அதுதான். ஆனால் கேர்னல் தனி ஒரு பைலாக வருவதில்லை, ஒரு குடும்பமாக வருகிறது. ஒரே எண்ணைத் தாங்கின குடும்பம்.

பூட் அடைவில் முதலில் 'விஎம்லினஸ்' என்ற பைல். கடைசி எழுத்து இஸட், சுருக்கப்பட்டது என்று அர்த்தம். இதுதான் கேர்னல். டெபியன் 12இல எட்டு எம்பி அளவு. பக்கத்தில 'கொன்பிக்': இந்தக் கேர்னலை எந்தெந்த வசதியோடு கட்டினார்கள் என்ற பட்டியல், சாதாரண எழுத்துப் பைல். பிறகு 'சிஸ்டம் மப்': கேர்னலுக்குள்ள எந்தச் செயல்பாடு எந்த முகவரியில் இருக்கு என்ற வரைபடம், பிழை தேடுறவைக்கு. டெபியனில் இதைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும், உண்மையான வரைபடம் வேறு பொதியில் இருக்கு என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் கொம்பியூட்டர் எழும்பும்.

நாலாவதுதான் எமன். 'இனிட்ஆர்டி'. அறுபது, எழுபது எம்பி. இடத்தைத் தின்கிறதும் இதுதான், இல்லாவிட்டால் கொல்லுறதும் இதுதான்.

இது ஏன் தேவை? கேர்னல் எழும்பினதும் டிஸ்கைத் திறக்கவேணும். டிஸ்கைத் திறக்க டிரைவர் வேணும், பூட்டியிருந்தால் பாஸ்வேர்ட் கேட்கிற புரோகிராமும் வேணும். ஆனால் அந்த டிரைவரும் புரோகிராமும் டிஸ்குக்குள்ளதான் இருக்குது. திறப்பை வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டிவிட்டு வெளியில நிற்கிற கதை. அதுக்காகத்தான் ஒரு சின்னத் தற்காலிக வீட்டை ஒரு பைலுக்குள்ள மடிச்சு வைக்கிறார்கள். கேர்னல் முதலில் அதை நினைவகத்தில விரிச்சு, அதுக்குள்ள நின்றுகொண்டு பாஸ்வேர்ட் கேட்டு, உண்மையான டிஸ்கைத் திறந்து, பிறகு அங்கே இடம் மாறுகிறது. மற்றப் பைல்கள் டெபியனிடமிருந்து கட்டியே வருபவை. இது மட்டும் உங்கட கொம்பியூட்டரிலயே, ஒவ்வொரு கேர்னலுக்கும் புதுசாய்ச் சமைக்கப்படுவது.

இனிக் கணக்கைப் பாருங்கோ. ஒரு குடும்பத்துக்கு எழுபத்தைஞ்சு எம்பி அளவு. மூன்று குடும்பம் இருநூற்றி இருபத்தைஞ்சு. 236இல மிச்சம் பதினொன்று. நாலாவது வந்தபோது எட்டு எம்பி விஎம்லினஸ் உள்ளே வந்துவிட்டது. இனிட்ஆர்டியைச் சமைக்கத் தொடங்கி, பாதியில இடமில்லாமல் நின்றுவிட்டது. பாதியில நின்றதை அந்தக் கருவி தானே அழித்துவிடும், அது சரியான வேலைதான். ஆக 21க்கு இனிட்ஆர்டியே இல்லை. அந்த நேரம் நான் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் பழைய 20 பேசாமல் எழும்பியிருக்கும். நான் எழும்பக்கூடிய மூன்றையும் அழித்து, எழும்ப முடியாத ஒன்றை மெனுவில் முதலாவதாக வைத்தேன்.

பூட் ஏன் அவ்வளவு சின்னன்? டிஸ்க் பூட்டியிருப்பதால். முழு டிஸ்கையும் பூட்டினால் பூட்டைத் திறக்கிற சாமானைப் பூட்டாத ஒரு இடத்தில வைக்கவேணும். அதனால டெபியன் நிறுவும்போதே ஒரு சின்னத் தனிப் பகுதியை ஒதுக்குகிறது, 2019இல அது போதுமாக இருந்தது. பிறகு கேர்னலும் வீங்கினது, பேர்ம்வெயரும் வீங்கினது. பாதுகாப்புக்காகப் பூட்டாத ஆளுக்கு இந்தப் பிரச்சினை வராது. எங்களைப் போல பூட்டித்தான் ஆகவேணும் என்று இருக்கிறவைக்குத்தான் வரும். அது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

அண்டைக்கு என்னைக் காப்பாற்றினது ஒரு அக்கா. வேறு நகரத்தில ஆஸ்பத்திரி ஒன்றின் சேர்வர்களைப் பார்க்கிறவ. பன்னிரண்டு மணிக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, எல்லாம் போச்சு. திரும்பவும் டெபியன் போடட்டா?"

"பிள்ளை, முதல்ல கையை எடு. ஒன்றும் போகேல்லை. பூட் மட்டும்தான் போயிருக்கு. நீ திரும்பப் போட்டாத்தான் எல்லாம் போகும்."

இதை நாலு தரம் சொல்லவேண்டியிருந்தது. இந்தப் பிழையில அதிகம் பேர் டேட்டாவை இழக்கிறது கேர்னலால் இல்லை, பதறி மறுபடி நிறுவுகிறதால். நிறுவி கேட்கிற கேள்விகளில ஒன்று டிஸ்கை முழுக்க அழிக்கட்டா என்பதுதானே.

செய்தது இதுதான். யுஎஸ்பி குச்சியில லைவ் டெபியன். அதிலிருந்து எழுப்பி, கிரிப்ட்செட்அப் கட்டளையால் பூட்டின டிஸ்கைத் திறந்து, மவுண்ட் பண்ணி, பூட் பகுதியையும் அதன் இடத்தில மவுண்ட் பண்ணி, டெவ், புரொக், சிஸ் மூன்றையும் உள்ளே இணைச்சு, சிரூட் கட்டளையால் அந்த டிஸ்குக்குள்ளயே போய் இருந்தது. பிறகு 21க்கு இனிட்ஆர்டியை உருவாக்கு என்று ஒரு கட்டளை, மெனுவைப் புதுப்பி என்று ஒரு கட்டளை. மறுபடி இயக்கினால், இந்தத் தரம் பானிக் இல்லை. ஆனால் பாஸ்வேர்டும் கேட்கவில்லை! ஒரு சின்ன வெள்ளை எழுத்துத் திரையில போய் நின்றது.

அக்கா உடனே பிடிச்சுட்டா. "திறக்கேக்க என்ன பேர் குடுத்தனி?" நான் சும்மா 'டிஸ்க்' என்று குடுத்திருந்தேன். ஈடிசி அடைவில 'கிரிப்ட்டாப்' என்று ஒரு பைல் இருக்குது, பூட்டின டிஸ்கின் பெயர் அதில எழுதியிருக்கும். அதே பெயரில் திறந்தால்தான், இனிட்ஆர்டி சமைக்கிற கருவிக்கு "ஓ, இது பூட்டின டிஸ்க், பாஸ்வேர்ட் கேட்கிற சாமானையும் உள்ளே வைக்கவேணும்" என்று விளங்கும். பெயரைச் சரியாகக் குடுத்து இரண்டாம் தரம் செய்தேன். இரண்டே கால் மணிக்குப் பாஸ்வேர்ட் கேட்டது. அந்தக் கேள்வியைப் பார்த்து அழுதது நான் ஒரு ஆளாத்தான் இருப்பேன்.

தொகுப்பு திங்கள் காலையில போனது. வழக்கு பற்றி இங்கே கதைக்கவில்லை, அது அந்த அண்ணாவின்ட விஷயம்.

இனி, சரியாக எப்படிச் செய்கிறது.

கையால் அழிக்காதேங்கோ. இதுதான் பெரிய விஷயம். பைலை அழித்தாலும் பொதி நிர்வாகிக்கு அது தெரியாது. அது 17 இன்னும் இருக்குது என்றே நினைச்சுக்கொண்டிருக்கும். எல்லாக் கேர்னலுக்கும் இனிட்ஆர்டியைப் புதுப்பி என்று ஒரு நாள் ஓடும்போது நீங்கள் அழித்ததைத் திரும்பவும் சமைச்சு வைக்கும், இடம் திரும்பவும் நிரம்பும். அதோடு பூட்டில் இருக்கிறது குடும்பத்தின் ஒரு பாதிதான். 'லிப் மொடியூல்ஸ்' என்ற அடைவில் ஒவ்வொரு கேர்னல் எண்ணுக்கும் ஒரு தனி அறை இருக்குது. வேலான், சத்தம், கமரா எல்லாத்தின் டிரைவரும் அங்கதான், ஒரு அறை சில நூறு எம்பி. கையால் பூட்டைத் துடைச்சால் இந்த அறைகள் அநாதையாய் நிற்கும். பொதியாக நீக்கினால் எல்லாம் சேர்ந்து போகும். ஆப்ட் ஆட்டோரிமூவ் என்று ஒரு கட்டளை போதும். அது இப்ப ஓடிக்கொண்டிருக்கிற கேர்னலையும் ஆகப் புதியதையும் தொடாது. நான் அண்டைக்கு அந்த ஒரு கட்டளையைப் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

எத்தனை வைக்கலாம்? இரண்டு. ஓடுறது ஒன்று, நல்லாய் ஓடினது என்று உங்களுக்குத் தெரிஞ்ச பழசு ஒன்று. "பழசு பாதுகாப்பில்லை, அழிச்சுவிடு" என்று சொல்கிறவை இருக்கினம். 2023 டிசம்பரில் நடந்ததை அவைக்குச் சொல்லுங்கோ. 6.1.64 என்ற கேர்னலில் எக்ஸ்ட்4 பைல் சிஸ்டத்தில டேட்டாவைக் கெடுக்கக்கூடிய ஒரு பிழை இருந்தது. டெபியன் 12.3 வெளியீட்டையே நிறுத்தி, திருத்தின 12.4ஐ டிசம்பர் 10ஆம் திகதி விட்டார்கள். கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஓடுற ஒரு நிலையான பதிப்பில் நடந்தது இது. அந்த வாரத்தில பழைய கேர்னலை வைச்சிருந்தவை மெனுவில அதைத் தெரிவு செய்து பேசாமல் வேலை பார்த்தார்கள்.

பூட் சின்னதாக இருந்தால் இன்னொரு வழி இருக்குது. இனிட்ஆர்டி சமைக்கிற கருவியின் அமைப்புப் பைலில 'மொடியூல்ஸ்' என்ற வரியில 'மோஸ்ட்' என்று இருக்கும். உலகத்தில இருக்கிற அதிகமான கொம்பியூட்டர்களுக்குத் தேவையானதை எல்லாம் அள்ளிப்போடு என்று அர்த்தம். அதை 'டெப்' என்று மாற்றினால் இந்த லப்டொப்புக்கு வேணுமானதை மட்டும் போடும், அளவு நல்லாய்க் குறையும். ஆனால் எங்கட ஆக்கள் கவனிக்கவேணும்: நாங்கள் ஒரு லப்டொப் பழுதானால் டிஸ்கைக் கழட்டி இன்னொன்றில் போடுகிற ஆக்கள். 'டெப்' என்று வைச்ச டிஸ்க் மற்ற லப்டொப்பில எழும்பாமல் போகலாம். எங்கட ஆவண லப்டொப்பில நான் அதை 'மோஸ்ட்' என்றே விட்டிருக்கிறேன்.

அடுத்தது வேலான் கதை. பழைய மக்புக்குகள், சில டெல் லப்டொப்புகள், புரோட்கொம் சிப்போடு வரும். அதன் டிரைவர் கேர்னலோடு வருவதில்லை, தனியார் டிரைவர். ஒவ்வொரு புதுக் கேர்னலுக்கும் அதைத் திரும்பக் கட்டவேணும், டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகக் கட்டும். ஆனால் கட்டுவதற்கு அந்தக் கேர்னலின் 'ஹெடர்' பைல்கள் வேணும். கேர்னல் பொதி தானாகப் புதுப்பிக்க, ஹெடர் பொதியை ஆரும் நிறுவாமல் விட்டால், அடுத்த நாள் லப்டொப் எழும்பும், வேலான் இருக்காது. எங்களுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ஹைமில இருக்கிற ஒரு தங்கச்சிக்கு, கேபிளும் இல்லை, ஆம்ட் கடிதம் ஈமெயிலில வருகுது என்றால், அது வேற. போனை யுஎஸ்பியால் இணைச்சு இணையம் எடுக்கிறது எப்படி என்று லப்டொப் குடுக்கும்போதே சொல்லிக்குடுங்கோ. ஹெடருக்கு எண் போட்ட பொதியை இல்லாமல், எண் இல்லாத பொதுப் பொதியை நிறுவுங்கோ, அப்போதுதான் கேர்னலோடு சேர்ந்து அதுவும் ஏறும். இது படிச்ச ஆக்களுக்கும் நடக்கும்: 2024 பெப்ரவரியில 6.1.0-18 வந்தபோது டெபியன் 12இல என்விடியா டிரைவர் கட்டுப்படாமல் நின்று, நிறையப் பேரின் அப்டேட் நடுவில் சிக்கினது.

ஈடிசி அடைவின் அமைப்புப் பைல்கள் பற்றி ஒரு சொல். அப்டேட் நடக்கும்போது சில நேரம் கேட்கும்: உங்கட பைலை வைக்கவா, புதுசைப் போடவா? பயத்தில எல்லாரும் என்டரை அமுக்குவார்கள். என்டர் என்றால் பழசை வைக்கும், அது பெரும்பாலும் சரி. ஆனால் வித்தியாசத்தைக் காட்டு என்று ஒரு தெரிவும் இருக்குது, ஒருக்கா அமுக்கிப் பாருங்கோ. இரண்டு நிமிஷம்தான்.

இப்ப, இந்த அறையில் சிலருக்கு நேரடியாய்ச் சம்பந்தப்பட்ட ஒன்று. பூட் பகுதி பூட்டப்படாதது என்று சொன்னேன். அதன் மறுபக்கம் என்ன? லப்டொப்பைக் கையில வைச்சிருக்கிற எவரும், பாஸ்வேர்ட் தெரியாமலே, அந்தப் பகுதியைப் படிக்கலாம், மாற்றலாம். செக்கியூர் பூட் போட்டிருந்தால் கேர்னலின் கையொப்பம் சரிபார்க்கப்படும். இனிட்ஆர்டிக்கு வழமையான டெபியன் அமைப்பில அந்தச் சரிபார்ப்பு இல்லை, ஏனென்றால் அது உங்கட கொம்பியூட்டரிலயே சமைச்சது, அதில கையொப்பம் வைக்க ஆருமில்லை. பாஸ்வேர்ட் கேட்கிற இடமே அதுதான். அதை மாற்றி வைச்சால் நீங்கள் தட்டுற பாஸ்வேர்டை எழுதி வைக்கும்படி செய்யலாம். ஊருக்குப் போகிற தோழர்கள், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிற ஒரு நாட்டுக்குத்தான் போகிறீர்கள். ஆவணம் இருக்கிற லப்டொப்பைக் கொண்டு போகாதேங்கோ. விமான நிலையத்தில ஒரு லப்டொப் உங்கட கண்ணுக்கு முன்னால இல்லாமல் அரை மணித்தியாலம் போனால், திரும்பக் கிடைச்சதும் பாஸ்வேர்டைத் தட்டாதேங்கோ. கொண்டு வந்து டிஸ்கைக் கழட்டி வேற கொம்பியூட்டரில திறப்பம்.

இதெல்லாம் தொழில்நுட்பம், அரசியல் எங்கே என்று போன தரம் ஒரு தோழர் கேட்டவர். நியாயமான கேள்வி. மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தினது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும் புது புரொசசரும் வேணும். நல்லாய் ஓடுகிற லப்டொப்புகள் ஒரு திகதியால் குப்பையாகின்றன. ஐரோப்பாவில இருக்கிறவைக்கு இன்னும் ஒரு வருஷம் காசில்லாமல் பாதுகாப்பு அப்டேட், அதுவும் மைக்ரோசொப்ட் கணக்கில உள்நுழைஞ்சால்தான்.  அந்தக் குப்பையைத்தான் நாங்கள் எடுத்து லினக்ஸ் போட்டுக் குடுக்கிறம். இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்வீங்கள்.

நான் சண்டை பிடிக்க விரும்புறது அடுத்த கட்டத்தில. குடுக்கிறது எங்களுக்குப் பிடிக்கும். படம் எடுக்கலாம், போடலாம். குடுத்த பிறகு பார்க்கிறது ஆருக்கும் பிடிக்காது. தமிழ்நாட்டில 2011இல இலவச லப்டொப் திட்டம் தொடங்கினபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் போட்டுக் குடுத்தார்கள், சென்னை சிடாக் செய்தது. லப்டொப் பிள்ளைகளிடம் போனது. லினக்ஸ் பக்கத்தை எப்படி வைச்சிருக்கிறது என்று சொல்லிக்குடுக்கிற ஆள் கூடப் போகவில்லை என்பதுதான் என் கணிப்பு, அங்க படிச்ச என் சொந்தக்காரப் பிள்ளைகளைக் கேட்டுத்தான் சொல்கிறேன். கேரளத்தில பள்ளிக்கூடங்கள் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினபோது ஆசிரியர்களையே பயிற்றுவித்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலயும் பிழையைத் திருத்தத் தெரிஞ்ச ஒரு ஆசிரியர். இருபது வருஷமாய் அது நிற்குது. இங்க பக்கத்து மியூனிக்கில் நகராட்சி பத்து வருஷம் பாடுபட்டு 2013இல பதினையாயிரம் அளவு கொம்பியூட்டர்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது, 2017இல நகரசபை விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. அதில அரசியல் விளையாட்டும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

பார்க்கிற வேலை ஆரின் தலையில விழுகுது என்பதும் அரசியல்தான். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் கருவிக்குள்ள ஒரு கள்ளக் கதவு கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பல வருஷம் அனேகமாய்த் தனி ஆளாய்ப் பார்த்தவர் களைச்சுப்போயிருந்த நேரம், உதவி செய்கிறேன் என்று வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல நம்பிக்கையைச் சம்பாதிச்ச ஒருவர் அதை வைச்சார். எங்கே ஒளிச்சு வைச்சார் தெரியுமா? சோதனைக்காக வைக்கிற துணைப் பைல்களுக்குள்ள. ஆரும் திறந்து பார்க்காத பைல்கள். உள்நுழைய வழமையைவிட அரைச் செக்கன் கூட எடுக்குதே என்று அன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற ஒரு ஆள் தேடப்போய்த்தான் அது பிடிபட்டது. கேர்னலும் அப்படித்தான். நீண்டகால ஆதரவுக் கேர்னல்களை ஆறு வருஷம் பார்த்தவர்கள், 2023இல் இனி இரண்டு வருஷம்தான் என்று அறிவிச்சார்கள். பார்க்கிறவை களைச்சுப்போனதும் அதுக்கு ஒரு காரணம். இதே வையிங்கன் பல்கலைக்கழக வளாகத்தில நிற்கிற சூப்பர் கொம்பியூட்டரும் லினக்ஸ்தான், உலகத்தின் முதல் ஐநூறும் லினக்ஸ்தான்.

எங்கட கூட்டத்திலயும் அந்த ஆள் ஒருத்தர்தான் இருந்தது. நான். அப்டேட் செய்கிறது நான், பாஸ்வேர்ட் தெரிஞ்சது எனக்கு, பிழை விட்டதும் நான். என்னைக் கார் அடிச்சிருந்தால் அந்தப் பதிவுகள் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாண நூலகத்தில 1981இல எரிஞ்ச தொண்ணூற்றி ஏழாயிரம் நூல்களில, வேறு பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. அதை ஒவ்வொரு வருஷமும் நினைவுகூருகிற நாங்கள், எங்கட அம்மா அப்பாமாரின் குரலை ஒரே ஒரு பழைய திங்க்பாட்டில வைச்சிருந்தோம். பிரதி எடுக்க எனக்கு "நேரமில்லை".

இப்ப மூன்று பிரதி இருக்குது. ஒன்று இந்த நகரத்தில இல்லை. பாஸ்வேர்ட் இரண்டு பேருக்குத் தெரியும், மூன்றாவது ஆள் தேவை. கடதாசியில எழுதி உறைக்குள்ள ஒட்டி வைச்ச ஒன்றும் இருக்குது, எங்கே என்று இங்கே சொல்லமாட்டேன்.

இனி முன்னால இருக்கிற வேலை. எங்களிடம் டெபியன் 12இல ஓடுகிற லப்டொப்புகள் இருக்குது, 13க்கு ஏற்றவேணும். 13, 2025 ஓகஸ்ட் 9இல வந்தது, கேர்னல் 6.12. அதன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: பூட் பகுதி குறைஞ்சது 768 எம்பி இருக்கவேணும், ஏற்றுவதற்கு முன்னம் 300 எம்பி அளவு காலியாய் இருக்கவேணும். எங்கட 236ஐ நினைச்சுப் பாருங்கோ. ஆகவே பழைய லப்டொப்புகளை அப்படியே ஏற்றமுடியாது. டேட்டாவைப் பிரதி எடுத்து, பிரதி திறக்குதா என்று இன்னொரு லப்டொப்பில பார்த்து, பிறகு புதுசாய் நிறுவி, பூட்டுக்கு ஒரு ஜிபி குடுக்கவேணும். ஒரு லப்டொப்புக்கு ஒரு பின்னேரம் போகும். 32 பிட் லப்டொப்புகளுக்கு 13இல கேர்னலே இல்லை, அவை 12இலேயே நிற்கட்டும்.

அடுத்த சனி பின்னேரம் இதே இடத்தில இரண்டு லப்டொப்பைச் செய்வம். நான் கையை வைக்கமாட்டேன், பக்கத்தில இருப்பேன், நீங்கள்தான் செய்வீங்கள். கடைசியில ஒரு லப்டொப்பின் இனிட்ஆர்டியை வேணுமென்றே அழிச்சுவிட்டு, யுஎஸ்பி குச்சியால எழுப்புவம். ஒருக்கா கையால செய்தால் இரவு பன்னிரண்டு மணிக்குப் பயம் இருக்காது. எட்டு ஜிபி யுஎஸ்பி குச்சி ஒன்று கொண்டு வாங்கோ. லப்டொப் கொண்டு வாறவை தயவுசெய்து சார்ஜரையும் கொண்டு வாங்கோ, போன தரம் நாலு பேருக்கு ஒரு சார்ஜர்.